ஒரு கரண்டி உறைமோர்

மலாய் நாட்டில் காஹாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அந்த வருஷம் மார்கழி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளாகச் சூரியன் முகம் காட்டவில்லை. நனைந்த ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது என்பதால் பால்வெட்டு நின்றுபோய், ஆணும் பெண்ணும் கால்வாய்களைத் தூர் எடுக்கவும் கரைந்த சாலைக்குக் கல் சுமக்கவும் போனார்கள். வேலை எதுவானாலும் கைப்பிள்ளைகளை விடியற்காலையிலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது அந்தக் கொட்டகை. அத்தாப்பு ஓலைக் கூரை, இடுப்பளவுப் பலகைச் சுவர், விட்டத்தில் தொங்கும் பதினோரு தூளிகள். ஒன்பது வருஷமாக அங்கே ஆயாவாக இருப்பவள் அங்கம்மா. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூங்கும், எது பசிக்கு அழுகிறது, எது வம்புக்கு அழுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். அவளுக்கும் அவள் புருஷன் காளியப்பனுக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளை இல்லை. லயத்துக்குப் பின்னால் இரண்டு பசுமாடுகள் இருந்தன.

அந்த மாட்டுப் பால்தான் கொட்டகைக்குத் தயிராக வந்துகொண்டிருந்தது. விடியுமுன் ஒரு அண்டா அரிசிக் கஞ்சி வைப்பாள் அங்கம்மா. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு செம்புத் தயிரைக் கடைந்து ஊற்றி, உப்புப் போட்டுக் கலக்கி மூடிவிடுவாள். பத்து மணிக்குப் பாதி, இரண்டு மணிக்கு மீதி. சாயங்காலம் அடியில் கிடக்கும் கஞ்சிகூட லேசாகப் புளித்திருக்குமே ஒழியக் கெட்ட வாடை அடிக்காது. ஏன் என்று அவள் யோசித்ததில்லை.

ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கப் புது டிரசர் வந்தார். சதாசிவம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. வந்த வாரமே கக்கூசுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கவைத்தார். கிணற்றுக்கு மூடி போடவைத்தார். இதற்கு முன் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரே மாதத்தில் ஏழு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போனதைக் கண்ணால் பார்த்தவர். கொட்டகைக்கு வந்தவர் அண்டாவைத் திறந்து மூக்கைச் சுளித்தார்.

"இதென்ன புளிச்ச மணம்? கெட்டதையோ பிள்ளையளுக்குக் குடுக்கிறாய்?"

"கெட்டதில்லீங்க ஐயா, தயிரு ஊத்துனது."

"தயிரோ மோரோ, எனக்கு வேண்டாம். தயிர்ச் சட்டியில ஈ மொய்க்குது, பார். நாளையிலிருந்து வெறுங்கஞ்சி. விளங்குதோ?"

அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த தயிர்ச் சட்டி வாயில் இரண்டு ஈக்கள் இருந்தது உண்மைதான். அங்கம்மா தலையாட்டினாள். மறுநாளிலிருந்து வெறுங்கஞ்சி.

வெயில் நாளில் அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. இரண்டாம் வேளைக்குத் திரும்பவும் அடுப்பு மூட்டிக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். மழை பிடித்ததும் விறகு ஊறிப்போயிற்று. காலையில் ஒரு அடுப்பு எரிவதற்குள் கண் இரண்டும் புகையில் வெந்துவிடும். இரண்டு மணிக்குப் பிள்ளைகள் குடித்தது காலையில் வைத்த கஞ்சி, ஆறிக் குளிர்ந்து போனது.

மழை தொடங்கிய எட்டாம் நாள் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. ஒன்பதாம் நாள் இன்னும் இரண்டு. பத்தாம் நாள் சந்திரமதிக்கு.

சந்திரமதி ஒன்பது மாதக் குழந்தை. பிறந்த மூன்றாம் நாள் தாய் கண்ணை மூடிவிட்டாள். தகப்பன் தங்கராஜு இருபத்தைந்து வயதுப் பையன். பிள்ளையை எப்படித் தூக்குவது என்றுகூடத் தெரியாமல் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அங்கம்மாவின் மடியில் போட்டவன். அன்றிலிருந்து பகல் முழுவதும் குழந்தை அவள் இடுப்பில்தான். சாயங்காலம் தங்கராஜு வந்து கூப்பிட்டால் அவள் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "பாருங்கக்கா, பெத்தவன்கிட்ட வரமாட்டேங்குது" என்று அவன் சிரிப்பான்.

அந்தத் தங்கராஜுதான் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே நின்றான். தலையில் மழைக்குப் போட்டிருந்த சாக்குகூட இறங்கவில்லை.

"உள்ள வராதீங்கக்கா."

"ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயிடறேன் தம்பி. கண்ணு சொருகிப் போச்சுன்னு சொன்னாங்களே…"

"உங்க கையால குடுத்த கஞ்சிதானே. அஞ்சு புள்ளைங்களும் உங்க கஞ்சி குடிச்சதுங்கதானே. வேற என்னத்தத் தின்னுச்சு எம்புள்ள?"

அவன் கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னான். கத்தியிருந்தால் பதில் ஏதாவது வந்திருக்கும். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கட்டிலில் குழந்தையின் கால் மட்டும் தெரிந்தது. டிரசர் அதன் தொடைத் தோலுக்கடியில் ஊசி செருகி உப்பு நீர் ஏற்றிக்கொண்டிருந்தார். குழந்தை அழவில்லை.

அன்றே டிரசர் உத்தரவில் லயம் லயமாகச் சோதனை நடந்தது. பழைய சோறு, தயிர், மோர், புளித்த மாவு என்று எது கண்ணில் பட்டாலும் கொட்டச் சொன்னார்கள். அங்கம்மா வீட்டுத் தயிர்ச் சட்டியும் கால்வாயில் போயிற்று.

மத்தியானம் காளியப்பன் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு வந்தபோது, அவள் அடுப்படியில் உட்கார்ந்து தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பதினெட்டுக் கோடு.

"என்னா புள்ள கணக்கு?"

"கொட்டாயில பதினெட்டு புள்ளைங்க. தாய்ப்பால் மட்டும் குடிக்கிறது ஆறு. அதுங்களுக்கு ஒண்ணுமில்ல. மத்த பன்னெண்டும் காலக்கஞ்சி குடிச்சுதுங்க. அதுல ஏழு புள்ளைங்களோட அம்மாங்க மழைன்னு மத்தியானமே வந்து தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மணிக் கஞ்சி குடிச்சது அஞ்சு பேருதான். படுத்திருக்கறதும் அந்த அஞ்சுதாங்க."

காளியப்பன் ஈரத் துண்டைப் பிழிந்தபடி நின்றான்.

"அப்ப மத்தியானக் கஞ்சி கெட்டுப் போச்சுங்கற."

"ஒன்பது வருசமா அதே அண்டா, அதே அரிசி. இதுக்கு முந்தியும் மழை பெஞ்சுது. அப்பல்லாம் கெடலியே. தயிர் ஊத்தாததுதான். வேற எதுவும் மாறல."

"டிரசர்கிட்டப் போய்ச் சொல்லு."

"எங்கே போய்? அந்தாளு என்னைப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறாரு."

"நானும் வாறேன். நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்."

டிரசர் மேசையில் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று கடிபட்டுக் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. அங்கம்மா சொல்லத் தொடங்கியதும், "எனக்கு இப்ப நேரமில்லை" என்றார். காளியப்பன் அசையாமல் நிற்கவும், "சரி, சொல்லு" என்றார். அவள் பதினெட்டுப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி, யார் எந்த வேளை குடித்தது என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். பாதியில் அவர் காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, ஐந்து பெயர்களுக்குக் கீழே கோடு போட்டார்.

"ரெண்டு மணிக் கஞ்சி எண்டது சரிதான். அதை நான் யோசிக்கேல்லை. ஆனா தயிர் தடுத்தது எண்டு எப்படிச் சொல்லுறாய்?"

"எனக்கு எப்படின்னு தெரியாதுங்க ஐயா. தயிர் விழுந்த கஞ்சி கெடாது. அம்புட்டுதான் தெரியும்."

"சீமையிலிருந்து வாற வைத்தியப் பத்திரிகையில் ஒருக்கால் வாசிச்சனான். பாலைப் புளிக்கப்பண்ணுற சில கிருமியள் மற்றக் கிருமியளை வளரவிடாதாம்." மேசையில் விரலால் தட்டினார். "சரி. நாலு நாள் பார்ப்பம். எனக்கு முன்னால செய்யவேணும். சட்டி, துணி, கை எல்லாம் கொதிதண்ணியில கழுவவேணும். தயிர் கொண்டு வா."

அங்கம்மா காளியப்பனைப் பார்த்தாள்.

"தயிரு இல்லீங்களே ஐயா. எல்லாத்தையும் நீங்கதானே கொட்டச் சொன்னீங்க. பாலு இருக்கு. உறை ஊத்த ஒரு கரண்டி மோருகூட இந்தத் தோட்டத்துல இல்ல."

டிரசர் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் அங்கம்மாவும் காளியப்பனும் உறை தேடிக் காஹாங் டவுனுக்குப் புறப்பட்டார்கள். ஐந்து மைல். லாரிப் பாதையை ஆறு வெட்டியிருந்தது. தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மேட்டு ஓரமாகவே நடந்தார்கள். ரப்பர்க் காட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர் அசையாமல் நின்றது. ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகள் மரங்களில் கவிழ்ந்து தொங்கின. இருவரும் சேர்ந்து இவ்வளவு தூரம் நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

ஆற்றங்கரையில் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் சம்பான் படகு வைத்திருந்தார். காளியப்பன் வயிற்றைக் காட்டி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையைக் காட்டி, "சாக்கிட், பூடாக் சாக்கிட்" என்றான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்குப் புரிந்தது. "போலே, போலே" என்று சம்மதமாகத் தலையாட்டித் துடுப்பை எடுத்தார்.

காஹாங்கில் நைனா முகம்மதுவின் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. லாரிகள் ஓடாததால் ஆள் இல்லை. அவர் மனைவி மைமூன் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவள், "யா அல்லா, யாரும்மா இது, ஆத்துல விழுந்து எந்திரிச்ச மாதிரி!" என்று ஓடிவந்தாள். காய்ந்த துணி கொடுத்து அடுப்பங்கரையில் உட்காரவைத்தாள். சுக்குப் போட்ட தேநீர் கையில் வந்த பிறகுதான் விஷயத்தைக் கேட்டாள். அங்கம்மா சொன்னாள்.

"தயிருக்காகவா இம்புட்டு தூரம்?"

"ஒறைக்கு ஒரு கரண்டி இருந்தாப் போதும்மா."

"கரண்டி என்னத்துக்கு? சட்டியோட கொண்டு போ. மழ நின்னு ஆளு வந்தாத்தானே எனக்குப் பச்சடிக்குத் தேவை." உறியிலிருந்து ஒரு சிறிய மண்சட்டியை இறக்கினாள். மேலே ஆடை மஞ்சளாகப் படிந்திருந்தது. தனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டி வாயை வாழை இலையால் மூடி நாரால் மூன்று சுற்றுக் கட்டினாள். "குலுங்குனாப் பரவால்ல. மழத்தண்ணி மட்டும் உள்ள எறங்கிரப் படாது. அந்தப் புள்ள பேரு என்ன?"

"சந்திரமதி."

"நான் துஆ செய்யிறேன். போ."

திரும்பும்போது ஆறு இன்னும் ஏறியிருந்தது. சம்பான்காரர் "ஹாத்தி-ஹாத்தி" என்று எச்சரித்துக்கொண்டே கரையிலிருந்து கொஞ்சம் தள்ளியே இறக்கிவிட்டார். அதற்கு மேல் படகு போகாதபடி மர வேர்கள். சட்டியைச் சாக்குக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காளியப்பன் முன்னால் இறங்கினான். மூன்றாவது எட்டில் கால் வழுக்கி இடுப்பு வரைக்கும் போனான். அப்போதும் சட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

"புள்ள, சட்டிய வாங்கு! சட்டிய வாங்கு!"

அங்கம்மா சட்டியை வாங்கவில்லை. அவன் தோளைப் பிடித்து முழு பலத்தோடும் இழுத்தாள். சட்டி சாய்ந்து, வெள்ளையாக ஒரு கோடு தண்ணீரில் ஓடிக் கலைந்தது. இருவரும் கரையில் சேற்றில் விழுந்து கிடந்தார்கள்.

"சட்டியப் புடின்னு சொன்னேன்ல?"

"நீங்க போயிட்டா நான் சட்டிய வச்சுக்கிட்டு என்னா பண்றது?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். நாரை அவிழ்த்துப் பார்த்தான். அடியில் நாலு விரற்கடை இருந்தது. அவளிடம் காட்டினான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் ஈரக் கையால் அவள் நெற்றியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தான். துடைக்கத் துடைக்கப் பரவியது.

"அந்தப் புள்ளைய நீ பெத்திருந்தாக்கூட இப்படித் தவிச்சிருக்கமாட்ட."

"பெத்தவளுக்குக் கேக்க உரிமை இருக்குங்க. நான் வாசல்லயே நின்னேனே."

"நட. மழ வலுக்குது."

அன்று மாலை ஆஸ்பத்திரிச் சமையல் கட்டில், டிரசர் பக்கத்தில் நிற்க, அங்கம்மா காய்ச்சி ஆறிய பாலில் உறை ஊற்றினாள். மழைக் குளிருக்குச் சட்டியைச் சுற்றி வைக்கோல் போட்டுச் சாம்பல் சூட்டில் வைத்தாள். மறுநாள் மதியம்தான் கெட்டியாயிற்று. அதற்கு அடுத்த நாளிலிருந்து கொட்டகைக் கஞ்சியில் தயிர் விழுந்தது. அவள் விரலை விட்டுச் சூடு பார்க்கப் போனதை டிரசர் தடுத்து, கழுவிய கரண்டியைக் கொடுத்தார். அவளும் மறுப்புச் சொல்லவில்லை. ஈ வராமல் இருக்க வாய்க்கு மெல்லிய துணி கட்டச் சொன்னார். அது நல்ல யோசனையாகத்தான் அவளுக்கும் பட்டது.

முதல் நாள் இரண்டு மணிக் கஞ்சியை ஊற்றிவிட்டு ஒவ்வொரு பிள்ளை முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று யாரும் வாந்தி எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. படுத்திருந்த பிள்ளைகளில் நான்கு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். உப்பு நீரும் டிரசரின் கண்விழிப்பும் அவர்களைப் பிழைக்கவைத்தன. சந்திரமதி மட்டும் இன்னும் தலை தூக்கவில்லை. மோர்த் தெளிவை டிரசர் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார் என்று ஆஸ்பத்திரி கூட்டுகிறவள் வந்து சொன்னாள். யார் மடியில் வைத்து என்று அங்கம்மா கேட்டாள். தங்கராஜு மடியில் என்றாள்.

நாலாம் நாள் காலை டிரசர் ஆள் அனுப்பினார். அங்கம்மா போனபோது மேசையில் மூன்று மருந்துச் சீசாக்கள். பக்கத்தில் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கிற பூதக்கண்ணாடிக் குழல்.

"மூண்டிலும் கஞ்சித்தண்ணி. மூண்டிலும் அண்டைக்குப் பிள்ளையள் குடிச்ச கெட்ட கஞ்சியில ஒரு துளி விட்டன், மிச்சத்தை மூடி வச்சிருந்தனான். இது வெறும் கஞ்சி. மணந்து பாருங்கோ."

மூக்கருகே கொண்டுபோனதும் குமட்டியது.

"இது உங்கட தயிர் கலந்தது."

புளிப்பு வாடை. வேறு ஒன்றும் இல்லை.

"இப்ப இந்த மூண்டாவது. மோரின்ர தெளிவை எடுத்துக் கொதிக்க வச்சன், அதில இருந்த உயிரெல்லாம் சாகட்டும் எண்டு. பிறகு சோடா உப்புப் போட்டுப் புளிப்பையும் எடுத்தன். அதைக் கலந்தது. உயிரும் இல்லை, புளிப்பும் இல்லை. அப்ப இது கெட்டிருக்கவேணும்தானே?"

அங்கம்மா முகர்ந்தாள். லேசான கெட்ட வாடை. முதல் சீசாவின் நாற்றத்தில் கால்வாசிகூட இல்லை.

"கொஞ்சம்தான் கெட்டிருக்குங்க."

"ஓம்! கொஞ்சம்தான்!" இத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள். "அப்ப புளிப்பு மாத்திரம் இல்லை. அந்தச் சின்ன உயிருகள் வேற என்னவோ ஒண்டைச் செய்து தண்ணியில விட்டிருக்கு. தங்களைக் காக்கிறதுக்கு. அதுதான் பிள்ளையளையும் காத்தது. அதுக்கு என்ன பெயர் எண்டு எனக்குத் தெரியாது. இங்கே பாருங்கோ."

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழலில் பார்த்தாள். முதலில் தன் இமைதான் தெரிந்தது. பிறகு வெளிச்ச வட்டத்தில், மணி கோத்ததுபோலச் சின்னச் சின்னச் சரடுகள், நடுவே சில குச்சிகள்.

"இதுங்கதான் தயிரா?"

"இதுகள்தான் பாலைத் தயிராக்குறது."

"இத்தினியூண்டு இருந்துக்கிட்டு!" என்றாள். பூனைக்குட்டியைப் பார்க்கிற குரலில் சொன்னாள். திரும்பவும் குனிந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவர் தன்னை நீங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

டிரசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"பிழை என்னுடையது. ஈயைப் பார்த்தன், சட்டிக்குள்ள இருந்ததைப் பார்க்கேல்லை. தோட்டத்துத் துரைக்கு எழுதிப்போட்டன். பெரட்டில எல்லாருக்கும் முன்னாலயும் சொல்லுவன். தங்கராஜுவுக்கு இண்டைக்கு விடியவே சொல்லிப்போட்டன்."

இதைக் கேட்கவேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாளிலிருந்து அவள் காத்திருந்தாள். கேட்டதும் அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"நீங்க கிணத்துக்கு மூடி போடலேன்னா இன்னும் எத்தனை புள்ளைங்க படுத்திருக்குமோ ஐயா. ரொட்டியக் கடிச்சுக்கிட்டே எத்தினி நாள் இருப்பீங்க? இன்னிக்குக் கொட்டாயில சாப்புடுங்க."

அவள் கொட்டகைக்குத் திரும்பியபோது மழை தூறலாகியிருந்தது. பத்து மணிக் கஞ்சிக்குப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அங்கம்மா தகரக் குவளைகளில் ஊற்றிக்கொண்டிருக்கையில் வாசலில் நிழல் விழுந்தது. தங்கராஜு. துணியில் சுற்றிய சந்திரமதி அவன் தோளில் கிடந்தாள். முகம் கைப்பிடியளவு சுருங்கிப் போயிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

அவன் உள்ளே வரவில்லை. தூறலிலேயே நின்றான்.

"அக்கா, டிரசர் ஐயா தூக்கிக்கிட்டுப் போலாம்னு சொல்லிட்டாரு." குழந்தையின் துணியை இழுத்து மூடினான். "நான் அன்னிக்குச் சொன்னது…"

"புள்ள நனையுது தம்பி. உள்ள வா."

"இல்லக்கா, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது நான். எனக்கு வேற யாரைச் சொல்றதுன்னு தெரியல. இவ அம்மா போனப்பவும் யாரைச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்."

அங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளக் கை பரபரத்தது. ஆனால் அவனாகக் கொடுக்கட்டும் என்று நின்றாள். சந்திரமதி அவளைப் பார்த்தது. சிரிக்கத் தெம்பில்லை. கீழுதடு பிதுங்கி, முகம் கோணி, மெலிந்த குரலில் அழ ஆரம்பித்தது. அழுதுகொண்டே ஒரு கையை நீட்டியது.

"ஐயோ, அழுவுதுக்கா," என்றான் தங்கராஜு பதறிப்போய். "மறுபடியும் என்னமோ பண்ணுதோ?"

அங்கம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய காது.

"ஒண்ணும் பண்ணல தம்பி," என்றாள். "பசிக்குது."